ஆண்டீஸ் மலைப் பூனையும் ஒரு புகைப்படமும்

பூனையைப் பார்க்காத மாணவி நம் பள்ளியில் ஒருத்திகூட இருக்க முடியாது. அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனை, மீன் கழுவும்போது காலைச் சுற்றி வரும் பூனை, எந்தப் பக்கம் குதிப்பது என்று மதில்மேல் நின்று யோசிக்கும் பூனை – இவையெல்லாம் நமக்கு அன்றாடக் காட்சிகள். ஆனால் பூனைக் குடும்பம் மிகப் பெரியது. உலகில் ஏறத்தாழ 40 இனங்கள் அதில் உள்ளன. சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றை நாம் அறிவோம். மற்றவற்றுள் பெரும்பாலானவை சிறிய பூனைகள். அவற்றுள் சிலவற்றை, காலமெல்லாம் காட்டு விலங்குகளை ஆராய்ந்தவர்கள்கூட நேரில் கண்டதில்லை.

அத்தகைய அரிய பூனைகளில் ஒன்று தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பூனை. இதன் புகைப்படம் கிடைத்த வரலாறு சிறியது. ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் பெரியது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த கதை

1865-ஆம் ஆண்டில் எமிலியோ கோர்னாலியா என்ற இத்தாலிய விஞ்ஞானி இப்பூனையை முதன்முதலாக விவரித்து எழுதினார். அவருக்கு ஆதாரமாக இருந்தது உயிருள்ள விலங்கு அன்று. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு தோல். அதைச் சேகரித்தவர் பாவ்லோ மாண்டெகாஸா என்னும் மருத்துவர். அவருடைய மனைவியின் பெயர் ஹகோபிடா. அந்த அம்மையாரைச் சிறப்பிக்கும் வகையில் பூனையின் விஞ்ஞானப் பெயரில் 'ஜேகோபிடா' என்ற சொல் சேர்க்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் விஞ்ஞானிகள் அப்பூனையை ஒரு பெண்ணின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. இந்தப் பூனையைப் பற்றிய அறிவு பெரிதாக வளரவில்லை. சில பொருட்காட்சிச் சாலைகளில் சில தோல்களும் மண்டையோடுகளும் இருந்தன. அது எதை உண்கிறது, எப்படி வேட்டையாடுகிறது, எத்தனை பூனைகள் எஞ்சியுள்ளன என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தோல் ஓர் இனம் இருந்தது என்பதைத்தான் காட்டும். அது எப்படி வாழ்கிறது என்பதைக் காட்டாது அல்லவா?

எங்கே வாழ்கிறது?

உலக வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் வடக்கிலிருந்து தெற்காக ஓடும் நீண்ட மலைத்தொடர்தான் ஆண்டீஸ். அம்மலையில் பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளுக்குட்பட்ட பகுதிகளில் இப்பூனை வாழ்கிறது. பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காணப்படுகிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைவில் கொண்டால் அந்த உயரம் புரியும்.

அங்கே மரங்கள் இல்லை. பாறைகளும், கூழாங்கற் சரிவுகளும், குட்டையான புல்லும், இடையிடையே சிறிய நீரூற்றுகளும் உள்ளன. பகலில் வெயில் சுடும். இரவில் தண்ணீர் உறையும். காற்றில் பிராணவாயு குறைவு. புதிதாகச் செல்பவர்கள் பத்தடி நடந்தாலும் மூச்சு வாங்குவார்கள்.

இப்பூனையின் எடை 4 முதல் 6 கிலோ வரை இருக்கும். நன்கு வளர்ந்த வீட்டுப் பூனையின் எடைதான் ஏறக்குறைய இதுவும். அடர்ந்த சாம்பல் நிற ரோமமும் அதில் பழுப்புத் திட்டுகளும் உண்டு. பாறையோடு பாறையாக அமர்ந்தால் கண்டுபிடிப்பது கடினம். இதன் தனிச் சிறப்பு வால். உடல் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நீண்டு, தடித்து, கருமையான அகன்ற வளையங்களுடன் காணப்படும். பாறை விட்டுப் பாறை தாவும்போது உடல் தடுமாறாதபடி சமநிலை கொடுப்பது இந்த வாலே.

இதன் முக்கிய உணவு விஸ்காச்சா என்னும் பிராணி. பார்வைக்கு முயல் போலிருக்கும்; உண்மையில் எலி, அணில் ஆகியவை அடங்கிய கொறித்துண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. விஸ்காச்சாக்கள் பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும். அவை எங்கே உண்டோ அங்கேதான் இப்பூனையைத் தேட வேண்டும்.

எதிர்பாராத சந்திப்புகள்

1980-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் டுக்குமான் மாநிலத்து மலைகளில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஸ்க்ரோக்கி, ஹாலாய் என்ற இரு விஞ்ஞானிகள் இப்பூனை ஒன்றைக் கண்டார்கள். அது பயந்து ஓடவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவர்கள் அதைப் பின்தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் நெடுங்காலம் இப்பூனையைப் பற்றிய அரிய நேரடிச் சான்றாக விளங்கின.

மனிதரைக் கண்டு இப்பூனை ஏன் ஓடவில்லை? ஆளரவமற்ற உயரங்களில் வாழ்வதால் மனிதனுக்கு அஞ்ச வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளவில்லை. படம் எடுப்பவருக்கு இது நல்வாய்ப்பு. ஆனால் கல்லையும் தடியையும் ஏந்தி வருபவருக்கும் அதே வாய்ப்புத்தான். ஓடாத விலங்கைக் கொல்வது எளிது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1998-ஆம் ஆண்டு வரை உயிருள்ள ஆண்டீஸ் பூனையின் புகைப்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆண்டில் ஜிம் சாண்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இப்பூனையைத் தேடிச் சிலி நாட்டின் வடகோடிக்குச் சென்றார். பெரு நாட்டு எல்லைக்கு அருகிலுள்ள உயர்ந்த பீடபூமி அது. அங்கே ஒரு நாள் பூனை அவர் கண்ணெதிரே வந்தது. அவர் அதைப் படம் பிடித்தார். தோலாகவும் எலும்பாகவும் உலகம் அறிந்திருந்த விலங்கு, பாறைமேல் உயிரோடு நிற்கும் காட்சியாக மக்களிடம் வந்து சேர்ந்தது.

"தேடிப் போனவர்தானே, பிறகு எதிர்பாராத சந்திப்பு என்று எப்படிச் சொல்லலாம்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தேடுவது மனிதன் கையில் இருக்கிறது. காண்பது அவன் கையில் இல்லை. பரந்த மலையில் எந்த நாளில், எந்தப் பாறையின்மேல், எந்த நொடியில் பூனை தலைகாட்டும் என்று எவராலும் குறிக்க முடியாது. ஆனால் அந்த நொடி வரும்போது கண் பழகியிருக்க வேண்டும். காமிரா ஆயத்தமாக இருக்க வேண்டும். முன்னால் நிற்பது எந்த விலங்கு என்று தெரிந்திருக்கவும் வேண்டும். அதற்கான படிப்பும் பயிற்சியும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

படம் எதைக் காட்ட வேண்டும்?

அதே மலைகளில் பாம்பாஸ் பூனை என்ற வேறோர் இனமும் வாழ்கிறது. அளவும் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. அனுபவம் இல்லாதவர்கள் அதைக் கண்டு ஆண்டீஸ் பூனை என்றே எண்ணிவிடுவார்கள். பாம்பாஸ் பூனை அவ்வளவு அரியது அன்று. எனவே ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட்டால் கணக்கே தவறிவிடும். இல்லாத இடத்தில் ஆண்டீஸ் பூனை இருப்பதாக நினைத்து நாம் கவலையற்று இருந்துவிடுவோம்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உண்டு.

முதலாவது மூக்கு. ஆண்டீஸ் பூனையின் மூக்கு நுனி கருமையாக இருக்கும். பாம்பாஸ் பூனையின் மூக்கு நுனி இளஞ்சிவப்பு அல்லது செந்நிறமாக இருக்கும்.

இரண்டாவது வால். ஆண்டீஸ் பூனையின் வால் நீண்டு, நுனிவரை ஒரே தடிமனாக இருக்கும், வளையங்கள் அகலமானவை. பாம்பாஸ் பூனையின் வால் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். அதன் வளையங்கள் குறுகியவை.

மூன்றாவது முன்னங்கால். பாம்பாஸ் பூனையின் முன்னங்காலைச் சுற்றி முழுமையான கருவளையங்கள் தெளிவாகத் தெரியும். ஆண்டீஸ் பூனையின் காலில் திட்டுகளும் கோடுகளும் உண்டு. ஆனால் அவை காலை முழுவதும் சுற்றி வருவதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். முகத்தை மட்டும் மிக அழகாக எடுத்த படம் சுவரில் மாட்டுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் வாலும் காலும் தெரியாவிட்டால் ஆராய்ச்சிக்கு அது பாதிப் பயனே தரும். பக்கவாட்டில், மூக்கு முதல் வால் நுனி வரை தெரிய, சற்று மங்கலாக எடுத்த படம்கூட அதைவிடச் சிறந்த சான்று. கூடவே சுற்றியுள்ள பாறையும் புல்லும் படத்தில் விழுந்தால் அது வாழும் இடமும் பதிவாகிவிடும். அழகு வேறு, சான்று வேறு. இரண்டும் ஒரே படத்தில் அமைந்தால் மகிழ்ச்சி. ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் சான்றையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

படத்திற்குப் பின் நடந்தது

ஒரு படம் பத்திரிகையில் வெளிவந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டில் நான்கு நாடுகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டீஸ் பூனைக் கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். மலைக்கு மலை சென்று கிராம மக்களிடம் படங்களைக் காட்டி, "இந்தப் பூனையைப் பார்த்ததுண்டா?" என்று விசாரித்தார்கள். பூனையின் எச்சத்தைச் சேகரித்து மரபணுச் சோதனை செய்தார்கள். விலங்கு கடந்து செல்லும்போது தானாகவே படம் எடுக்கும் காமிராக்களைப் பாறைகளுக்கிடையே பொருத்தினார்கள். ஒரு பூனைக்கு வானொலிக் கழுத்துப்பட்டை அணிவித்து அதன் நடமாட்டத்தையும் அறிந்தார்கள்.

2002-ஆம் ஆண்டு முதல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இப்பூனையை 'அழியும் ஆபத்திலுள்ளது' என்ற வகையில் வைத்திருக்கிறது. அச்சங்கம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முழு வளர்ச்சியடைந்த பூனைகள் 1,400-க்கும் குறைவாகவே இருக்கின்றன. நான்கு நாடுகளின் மலைகளிலும் சேர்த்து இவ்வளவுதான். அவ்வளவு பூனைகளும் மாணவிகளாகப் பிறந்திருந்தால் ஒரே ஒரு பெரிய பள்ளியில் அடங்கிவிடுவார்கள்!

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

ஆண்டீஸ் மலையில் சின்சில்லா என்றொரு சிறு பிராணி உண்டு. அதன் ரோமம் பட்டினும் மெல்லியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீமாட்டிகளின் குளிர்கால மேலங்கிகளுக்காகச் சின்சில்லாக்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. ஏறக்குறைய அந்த இனமே மலையிலிருந்து மறைந்துவிட்டது. ஒரு காலத்தில் சின்சில்லாவும் ஆண்டீஸ் பூனைக்கு இரையாக இருந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். யாரோ அணிந்த அங்கி, எங்கோ ஒரு பூனையின் உணவைப் பறித்துவிட்டது.

அங்கு வாழும் ஐமாரா மக்கள் இப்பூனையை 'டிட்டி' என்று அழைத்துப் புனிதமாகப் போற்றுகிறார்கள். புகழ்பெற்ற டிட்டிக்காக்கா ஏரியின் பெயரிலும் இச்சொல்லே இருக்கிறது என்பது சிலருடைய கருத்து. லாமா மந்தைகள் பெருக வேண்டும் என்று வேண்டி நடத்தும் சடங்குகளில் பதப்படுத்திய பூனைத் தோலை வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. போற்றுவதற்காகவே கொல்லப்படும் நிலை! இதை ஆராய்ச்சியாளர்கள் பழித்துப் பேசவில்லை. மக்களோடு அமர்ந்து பேசி, கைவினைப் பொருட்கள் செய்து விற்று வருவாய் பெறவும், பூனையை உயிரோடு காப்பதைப் பெருமையாகக் கருதவும் துணை நிற்கிறார்கள்.

சுரங்கத் தொழில் மற்றோர் ஆபத்து. ஆண்டீஸ் பீடபூமியின் உப்புப் படுகைகளில் லிதியம் என்ற உலோகம் நிறைய உண்டு. நம் செல்பேசியின் மின்கலத்தில் இருப்பது அந்த லிதியமே. அதைப் பிரித்தெடுக்க நிலத்தடியிலிருந்து உப்புநீர் பெருமளவில் வெளியே எடுக்கப்படுகிறது. வறண்ட அப்பகுதியில் நீரூற்றுகள் வற்றினால் புல் கருகும்; புல் கருகினால் விஸ்காச்சா குறையும்; விஸ்காச்சா குறைந்தால் பூனைக்கு உணவில்லை. உணவுச் சங்கிலி என்று வகுப்பில் படிக்கிறோமே, அதன் ஒரு முனை நம் கையிலுள்ள செல்பேசியில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் காட்டுப் பூனைகள்

இதைப் படித்துவிட்டு, "நாம் ஆண்டீஸ் மலைக்கா போகப் போகிறோம்?" என்று கேட்க வேண்டாம். பழந்தமிழர் காட்டுப் பூனையை 'வெருகு' என்று அழைத்தார்கள். அதற்கென்று ஒரு சொல்லே இருந்ததென்றால் அது அவர்களுக்கு அறிமுகமான விலங்கு என்றுதானே பொருள்? இன்றும் நம் புதர்க்காடுகளிலும் வயல் ஓரங்களிலும் காட்டுப் பூனைகள் உண்டு. உலகிலேயே மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்று, உடலில் துருநிறப் புள்ளிகள் கொண்டது, இந்தியாவிலும் இலங்கையிலும் நேபாளத்திலும் மட்டுமே வாழ்கிறது. முழுதும் வளர்ந்த பிறகும் அதன் எடை ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே இருக்கும். வீட்டுப் பூனையின் குட்டி என்று நினைத்துப் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

கரும்பு வெட்டும் காலத்தில் தோகைக்குள் காட்டுப் பூனைக் குட்டிகள் அகப்படுவதுண்டு. தாயில்லாக் குட்டிகள் என்று இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். பெரும்பாலும் தாய் இரை தேடப் போயிருக்கும். இருட்டியதும் திரும்பி வரும். நாம் இரக்கம் என்று நினைத்துச் செய்வது அங்கே தாயையும் பிள்ளையையும் பிரிப்பதாக முடிகிறது. காட்டுப் பூனைகளைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது.

எதிர்பாராமல் கண்டால்?

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதோ, சுற்றுலாவின்போதோ ஓர் அரிய விலங்கு உங்கள் எதிரே வந்தால் பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

1. நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கத்தாதீர்கள், தோழியைக் கூவி அழைக்காதீர்கள்.

2. நிற்கும் இடத்திலிருந்தே முதல் படத்தை எடுங்கள். நெருங்கிச் சென்று நல்ல படம் எடுக்கலாம் என்று காத்திருந்தால் எந்தப் படமும் கிடைக்காமல் போகலாம்.

3. உடல் முழுவதும், குறிப்பாக வாலும் கால்களும் தெரியும்படி எடுங்கள்.

4. இருட்டில் மின்னொளி விளக்கைப் பயன்படுத்தாதீர்கள். இரவு விலங்கின் கண்ணைத் திடீர் ஒளி கூசச் செய்யும்.

5. விலங்கு காதுகளைப் பின்னால் மடக்கினாலோ, பதுங்கினாலோ, வழி தேடினாலோ நீங்கள் பின்வாங்குங்கள். குட்டிகள் இருந்தால் உடனே விலகிவிடுங்கள்.

6. அது சென்றபின் தேதி, நேரம், இடம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

7. படத்தையும் குறிப்பையும் வனத்துறையினரிடமோ உங்கள் உயிரியல் ஆசிரியையிடமோ கொடுங்கள். சரியான இடத்தை எல்லோருக்கும் அறிவிக்காதீர்கள். செல்பேசிப் படங்களுக்குள் இடக்குறிப்பு மறைந்திருக்கக்கூடும். பிறருக்கு அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள். வேட்டைக்காரனும் அந்தப் படத்தைப் பார்ப்பான்.

படம் கிடைக்காமல் போனாலும் வருந்த வேண்டாம். உண்மையாக எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் சான்றுதான். அர்ஜென்டினாவின் மலைமேல் இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பார்த்து எழுதிய குறிப்புகள் அதற்குச் சாட்சி.

மாணவிகளே! அரிய விலங்கு நம் கண்ணில் படுவது நம் திறமைக்குக் கிடைத்த பரிசு மட்டும் அன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்படும் பொறுப்பும் ஆகும். மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத ஒரு பூனை நம்மை நம்பி நிற்கிறது. அந்த நம்பிக்கைக்குத் தீங்கு வராமல் காண்பதும், கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும், சொல்வதால் அதற்கு நன்மை விளையும்படி பார்த்துக்கொள்வதுமே உண்மையான அறிவியல்.

சிந்தித்து விடை காண்க

1. ஆண்டீஸ் பூனையையும் பாம்பாஸ் பூனையையும் எந்த மூன்று அடையாளங்களால் பிரித்தறியலாம்?

2. அழகான படத்திற்கும் பயனுள்ள படத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. அரிய விலங்கைக் கண்ட இடத்தை எல்லோருக்கும் அறிவிப்பது ஏன் தவறு?

4. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து, அவர்கள் காலத்தில் இருந்து இன்று காணப்படாத ஒரு விலங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக.